அருமனைப் பக்கம் வாங்கிய மொட்டைக்கழுத்துக் கோழிகள்: காசுக்குத் தகுமா?

மொட்டைக்கழுத்துக் கோழி அழகில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் பேச வசதி. தாடைக்குக் கீழே தொடங்கி நெஞ்சுவரை இறகு கிடையாது, வெறும் தோல். தலையில் மட்டும் தொப்பி வைத்தமாதிரி கொஞ்சம் இறகு. பெட்டைக்குத் தோல் வெளிறிய சிவப்பு. சேவலுக்கு வெயில் பட்டுப்பட்டு நல்ல ரத்தச் சிவப்பாகிவிடும். எங்கள் மாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சீக்குக்கோழிய எதுக்குப் பிள்ளே காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார். பால் கொண்டுவரும் பையன் இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், அதுக்கு ஏதாவது மருந்து போடப்பிடாதா?" என்கிறான்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் வீடு. இருபது சென்டுக்குக் கொஞ்சம் கூடுதலான புரையிடம். தென்னை, இரண்டு சக்கை (பலா) மரம், ஒரு கொல்லாமரம் (முந்திரி), மிச்ச இடத்தில் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி). ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். வியாபாரத்துக்கு இல்லை, வீட்டு முட்டைக்கும் எப்போதாவது ஒரு குழம்புக்கும்தான். எனவே இந்த மதிப்புரை வீட்டில் பத்துப் பதினைந்து கோழி வைக்க நினைப்பவர்களுக்கு. ஆயிரம் கோழி வைத்துப் பண்ணை போடப் போகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நான் வாங்கியது அருமனையைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பெண் தன் வீட்டோடு வைத்து நடத்தும் இடத்தில். பெயர்ப்பலகை கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இப்போது கேட்கிற ஆட்களுக்கே கொடுக்கக் குஞ்சு இல்லையாம். அந்தப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஏன் இந்தக் கோழி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துச் சூட்டைத் தெர்மாமீட்டரை மட்டும் நம்பிக் கணக்குப் போடக்கூடாது. மதுரையில் சித்திரை மாதம் 40 டிகிரி அடிக்கும்போது இங்கே 33, 34-தான் காட்டும். ஆனால் கடல் பக்கத்தில் கிடக்கிறது, காற்றில் ஈரம் நிறைய. துணி காயாது, உடம்பில் வழிகிற வியர்வையும் காயாது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே இல்லை. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். சூடு ஏறினால் அது செய்யக்கூடியது இரண்டே காரியம். ஒன்று, வாயைத் திறந்து இளைக்கும். மூச்சுக் காற்றோடு ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். மற்றது, கொண்டை, தாடி, கால் என்று இறகில்லாத இடங்கள் வழியாகச் சூட்டை வெளியே விடும். வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் முதல் வழி பாதி அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது இறகில்லாத தோல். அந்தத் தோல் கழுத்து முழுவதும் கிடைத்தால் கோழிக்கு எவ்வளவு லாபம்! மதுரைக்காரர்களைவிட நமக்கு இந்தக் கோழி கூடுதலாகப் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கழுத்தோடு இது முடிவதில்லை. இந்தக் குணத்தைக் கொண்டுவரும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால், உடம்பு முழுக்க இறகின் அளவு சுமார் 40 சதவீதம் குறையும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 20 சதவீதம் அளவுக்கு. கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும், மார்பிலும் தொடையிலும் இறகு சன்னமாக இருக்கும். இறகு என்பது பெரும்பாலும் புரதம்தானே. அதற்குச் செலவாகாத தீனி உடம்பில் சதையாகச் சேரும். ஏன் குறிப்பாகக் கழுத்து மட்டும் மொட்டையாகிறது என்பதை எடின்பரோ பல்கலைக்கழகத்து ரோஸ்லின் நிறுவனத்தார் 2011-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் இந்தக் கோழிகளுக்குக் கூடுதலாகச் சுரக்கிறது; கழுத்துத் தோலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஓர் அமிலம் இருப்பதால் அந்தப் புரதத்தின் வேலை அங்கே இன்னும் தூக்கலாகிவிடுகிறதாம். நம் நாட்டிலும் இதைக் கவனிக்காமல் இல்லை. உத்தரப் பிரதேசத்து இஸத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் மொட்டைக்கழுத்தை வைத்து 'ஹிட்காரி' என்ற வீட்டுவளர்ப்புக் கோழியையே உருவாக்கியிருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் பக்கத்து வீடுகளில் இந்தக் கோழிகள் பழைய காலத்திலிருந்து உண்டு.

சரி, அந்தப் பெண்ணின் சங்கதிக்கு வருகிறேன்.

போன் செய்து "குஞ்சு இருக்கா மக்கா?" என்று கேட்டேன். விலையைச் சொல்வாள் என்று பார்த்தால் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "டீச்சருக்க புரையிடத்துல மரம் உண்டா? மத்தியானம் நிழல் காணுமா?" அப்புறம், "நாய கட்டிப் போட்டிருக்கா, அவுத்து விட்டிருக்கா?" அப்புறம், "கூடு தரையோட இருக்கா, கால் வச்சு இருக்கா?" பெண் கேட்டுப் போன வீட்டில்கூட எங்களை இவ்வளவு விசாரிக்கவில்லை. கூடு தரையோடு இருக்கிறது என்றேன். "அப்ப அத ரெண்டடி தூக்கிட்டு விளிங்க, குஞ்சு அடுத்த மாசம் தாறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சொன்னது நியாயம். நம் ஊர் ஈரத்தில் தரையோடு இருக்கும் கூட்டில் எச்சமும் மண்ணும் சேர்ந்து காயாமலே கிடக்கும். ரத்தக்கழிச்சல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பெருச்சாளி தோண்டி வருவதும் அந்த வழியில்தான். ஆசாரியைக் கூப்பிட்டு, நான்கு கருங்கல் தூணின்மேல் பழைய கூட்டையே ஏற்றினோம். அடியில் கமுகுச் சிலாகை, எச்சம் கீழே விழுந்துவிடும்.

பொரித்து ஒரே நாளான குஞ்சை அவள் விற்பதில்லை. ஒன்றரை மாதம் ஆனபிறகுதான் கொடுப்பாள். குஞ்சு ஒன்று 180 ரூபாய். தொடுவெட்டிச் சந்தையில் அந்த வயதுக் குஞ்சு இதைவிட நன்றாகக் குறைந்து கிடைக்கும். தெருவில் வண்டியில் கொண்டுவருகிறவர்களிடம் இன்னும் மலிவு. ஆனால் இவளிடம் முக்கால்வாசிக் குஞ்சு அடைக்கோழி பொரித்து, தாயோடேயே ரப்பர் மூட்டில், அதாவது மரத்தடியில், மேய்ந்து வளர்ந்தவை. எனக்கு இந்தக் கூடுதல் விலை அதற்காகவே தகும். பல்பு வெளிச்சத்தில் பெட்டிக்குள் வளர்ந்த குஞ்சுக்குப் பருந்து என்றால் என்னவென்று தெரியாது, வானத்தைப் பார்க்காமல் முற்றத்தின் நடுவில் நிற்கும். தாயோடு வளர்ந்தது அப்படி இல்லை. வந்த முதல் நாளே தென்னைக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது; நான் பார்ப்பதற்கு முன்னால் எல்லாம் மரச்சீனி மூட்டுக்குள் போய்விட்டன.

பத்துக் குஞ்சு வாங்கினேன். கொடுக்கும்போதே சொன்னாள்: "எல்லாத்துக்கும் கழுத்து மொட்டையா இருக்காது டீச்சர். செலதுக்குக் கழுத்து நிறைய இறகு இருக்கும். பொறவு ஏமாத்திட்டான்னு எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாது." அதேபோல இரண்டு குஞ்சுக்குக் கழுத்து முழுக்க இறகு. மூன்று முழு மொட்டை. மிச்சம் ஐந்துக்கும் கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து இறகு தொங்கும். பள்ளிக்கூடத்துப் புத்தி எனக்கு. மெண்டல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்கழுத்துக் கொத்து இருந்தால் ஒரு பக்கத்து மரபணு மட்டும் வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சில் ஒன்று முழு மொட்டை, இரண்டு கொத்து வைத்தவை, ஒன்று சாதாரணக் கழுத்து. அவளுக்கு மெண்டல் யாரென்று தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது. முழு மொட்டைச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு விட்டால் வருவதெல்லாம் கொத்துக்கழுத்துத்தான் என்று அவளே சொன்னாள். எங்கள் பழைய நாட்டுப் பெட்டையோடு விட்டுப் பார்த்தேன். அப்படியேதான் வந்தது.

சாதாரணக் கழுத்துக் குஞ்சைப் பார்த்து "கலப்படம்" என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவரும்போதே கழுத்து மொட்டை தெரிந்துவிடும், பிறகு உதிர்வதில்லை. எனவே வளர்ந்தபின் மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. வாங்கும்போது பார்த்து வாங்கலாம். கருங்கோழி அப்படியா? மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கிடைத்தது, கறுப்பாக இருக்கிற கோழியெல்லாம் இங்கே கடக்நாத் ஆகிவிட்டது. எங்கள் மைனி நல்ல விலை கொடுத்து ஒரு ஜோடி வாங்கினாள். அறுத்துப் பார்த்தால் கறுப்புக்குப் பதில் சாதாரணச் சதை. மொட்டைக்கழுத்தில் அந்த ஏமாற்று வேலை நடக்காது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

குஞ்சோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தாள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரம் கண்ணில் சொட்டு மருந்து விட்ட தேதி, நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கொடுத்த தேதி, எட்டாவது வாரம் நாம் போட வேண்டிய ஊசியின் தேதி, எல்லாம் அவள் கையெழுத்தில். இதைச் செய்கிற விற்பனைக்காரர்கள் அபூர்வம். இந்த நோய், தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் கூட்டத்தோடு கொண்டுபோய்விடும் என்பது கோழி வளர்த்த எல்லாருக்கும் தெரியும். எட்டாவது வார ஊசி மருந்தைக் கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் ஏராளமான கோழிக்குப் போடலாம். பத்துக் கோழிக்காக அதை உடைப்பது வீண். ஆகவே சுற்றிலும் உள்ள வீட்டுக் கோழிகளையெல்லாம் ஒரே நாளில் எங்கள் முற்றத்தில் சேர்த்துப் போட்டோம். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமையும் விட வேண்டாம்.

வெயில் காலத்தில் கோழிகள் எப்படி இருந்தன என்று கேட்டால், சொன்னது சொன்னபடி இருந்தது. ஏப்ரல், மே மாத மத்தியானங்களில் எங்கள் பழைய நாட்டுக் கோழிகள் சக்கை மூட்டில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வாய் பிளந்து நிற்கும். மொட்டைக்கழுத்து அதே நேரத்தில் கிளறிக்கொண்டிருக்கும். வாயே திறக்காது என்று சொல்லமாட்டேன், திறக்கும், ஆனால் பிந்தித்தான். தீனியும் அவ்வளவாகக் குறையவில்லை. முட்டையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. கோழி அதிகமாக மூச்சு இளைத்தால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். ஓடு கட்டத் தேவையானது குறையும். கோடையில் முட்டை ஓடு மெலிந்து கையிலேயே உடைவது அதனால்தான். பழைய கோழிகளின் முட்டை அப்படி உடைந்தபோது இவற்றின் முட்டை கெட்டியாகவே இருந்தது.

ஆனால் முட்டை எண்ணிக்கைக்காக இதை வாங்காதீர்கள். பன்னிரண்டு, பதினைந்து இடும், அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். கிளப்பிவிட்டாலும் திரும்பிப் போய் உட்காரும். வருஷம் முழுக்க இடுகிற கோழி வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள கலப்பினக் கோழியை வாங்குங்கள். அது அடை இருக்காது, குஞ்சும் பொரிக்காது. எனக்கு அடை இருக்கிற கோழிதான் வேண்டும். மின்சாரம் போனாலும் 21 நாளில் வேலையை முடித்துவிடும்.

இனி குறைகள். மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. வெயிலுக்கு நல்லது மழைக்குக் கெட்டது, அவ்வளவுதான் சங்கதி. ஆனியில் விடாமல் சாரல் அடித்தபோது இந்தக் குஞ்சுகள் மற்றவற்றைவிட முன்னால் நடுங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கூட்டின் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி, ராத்திரி ஒரு 40 வாட் பல்பு போட்டபிறகு சரியாயிற்று. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் நன்றாக யோசித்து வாங்கட்டும். இன்னொன்று கொசு. கோழி அம்மையைக் கொசுவும் பரப்பும். திறந்த தோலில் கொசு உட்கார இடம் தேட வேண்டியதில்லை. அம்மைத் தடுப்பூசியையும் போட்டுவிடுவது நல்லது. மற்ற கோழிகள் கழுத்தில் கொத்தினால் காயம் உடனே ரத்தமாகத் தெரியும், தெரிந்தால் இன்னும் கொத்தும். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, கொத்துவாங்கியதைத் தனியாக அடைத்துவைக்க வேண்டியிருக்கும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நொய், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மேய்ச்சல். மரச்சீனித் தோலைப் பச்சையாகப் போடக்கூடாது, அதில் விஷம் உண்டு. நன்றாக வெயிலில் உலர்த்திக் கொஞ்சமாகப் போடலாம். குளச்சல் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கருவாட்டுத் தூள் கொண்டுவந்து தருவார்கள். உப்புக் கருவாட்டைக் கோழிக்குக் கொடுக்கவே வேண்டாம். உப்பு கூடினால் கோழி தாங்காது. உப்பில்லாமல் காயவைத்த நெத்திலி என்றால் சரி.

விற்பனை முறையில் எனக்கு மூன்று புகார். காலையில் போனை எடுக்கமாட்டாள்; புருஷன் ரப்பர் வெட்ட, இவள் பால் எடுக்கப் போய்விடுவாள். சேவலா பெட்டையா என்று உறுதி சொல்லமாட்டாள். ஒன்றரை மாதத்தில் கொண்டையைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம், அவளுக்கு அது நிச்சயம் தெரியும். எனக்கு வந்ததில் சேவல் ஆறு! குழம்புக்குக் குறைவில்லை, பூடை பறிக்கிற வேலையும் பாதி மிச்சம் என்று மாமி அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தக் கோழியைப் புகழ்ந்தார். மூன்றாவது, பெட்டி. பழைய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். குழித்துறை வருவதற்குள் அடிப்பக்கம் நனைந்து பிய்ந்து, இரண்டு குஞ்சு பஸ்ஸில் சீட்டுக்கடியில் இறங்கி ஓடின. கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்தான், "கழுத்து அறுத்த கோழி ஓடுதே" என்று காலைத் தூக்கிக்கொண்டார். ஏதோ மூலிகைப் பொடியும் வாங்கச் சொன்னாள். நான் வாங்கவில்லை, கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் சோதனை போட்டுவிடுவார்கள், கோழி வண்டிகள் திரும்பிப் போகும். அந்தச் சமயத்தில் இவள் வெளியிலிருந்து கோழி எடுப்பதில்லை, யாரையும் கூட்டுக்குப் பக்கத்தில் விடுவதும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமே பொரித்து வளர்ப்பதால் தட்டுப்பாடும் வருவதில்லை. ஆனால் வரிசை நீளும்.

மத்தியான நிழலும், தூக்கி வைத்த கூடும், மழைக்கு மறைப்பும் இருந்தால் வாங்கலாம். மாடியில் கம்பிக்கூண்டுக்குள் வளர்க்க நினைப்பவர்களுக்கு அவள் எப்படியும் கொடுக்கமாட்டாள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது சேவல் விஷயத்துக்காக. அடுத்த குஞ்சுகள் ஐப்பசி மழை ஓய்ந்தபிறகுதான் கொடுப்பாளாம். பதினோரு மணிக்குமேல் போன் செய்யுங்கள், பணம் போனிலேயே அனுப்பலாம், மூங்கில் கூடையோ பிளாஸ்டிக் கிரேட்டோ கையோடு கொண்டுபோங்கள்.